மாமியின் ஊசியும் பிந்திய இராச் சாப்பாடும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 38. கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. கணவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறார். அவர் வீடு வந்து சேர இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த மாமியார் போன வருடம்தான் இவர்களோடு வந்து சேர்ந்தார். அவருக்கு 71 வயது, பல வருடங்களாக நீரிழிவு. காலையும் இரவும் கலவை இன்சுலின் ஊசி, அதோடு மெற்போமின் குளிசை, பிரஷருக்கும் ஒரு குளிசை.

ஒவ்வொரு ஞாயிறும் வாசகி ஏழு நாள் இராச் சாப்பாட்டையும் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார். "செவ்வாய்க்கிழமைக்கு அங்கால ஒரு கிழமையும் அது தாக்குப் பிடிச்சதில்லை" என்கிறார். காஸ் முடிகிறது. மகளின் ரியூஷன் நேரம் மாறுகிறது. கணவர் சொல்லாமல் கொத்து ரொட்டிப் பார்சலோடு வருகிறார். "இண்டைக்கு நூடில்ஸ் எண்டுதானே எழுதிக் கிடக்கு" என்று மகன் அழுகிறான்.

ஒரு வியாழக்கிழமை பெருமழை. காலி வீதி அசையவேயில்லை. வழமையாக ஏழு மணிக்கு வீடு வரும் வாசகி எட்டு நாற்பதுக்குத்தான் வந்தார். ஏழரைக்கே ஊசியைப் போட்டுவிட்டு மாமி இடியப்பத்துக்குக் காத்திருந்திருக்கிறார். எட்டு மணி தாண்டியதும் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியிருக்கிறது. பயந்துபோன மகள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், சீனி போடாமல். வீட்டில் பாண் இருந்தது. அப்பம்மாவுக்குப் பாண் கூடாது என்று அதையும் கொடுக்கவில்லை. மேல்மாடியில் இருப்பவர் வந்து சீனித் தண்ணீர் பருக்கிய பிறகுதான் மாமி தெளிந்தார்.

அன்றிரவு கணவர், "கடையில எடுத்திருக்கலாமே" என்று ஒரு வசனம் சொன்னார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. "அவவின்ர அந்த மௌனம்தான் என்னைச் சுடுது டொக்டர்" என்று எழுதியிருக்கிறார் வாசகி. அவருடைய கேள்விகள் நான்கு. வேலையை விட்டுவிடவா? மாமியை எல்லோருக்கும் முதல் தனியாகச் சாப்பிட வைப்பது மரியாதைக் குறைவா? முதல்நாள் சமைத்ததையும் பிரீசர் மீனையும் கொடுத்தால் வருத்தம் வருமா? இந்தப் பட்டியலைக் குழம்பாமல் கொண்டுபோக வழி உண்டா?

அன்பின் சகோதரி,

வேலையைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். அதைக் கடைசிக்கு வைக்கிறேன். அந்த வியாழக்கிழமையைத் தெளிவாகப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் பட்டியல் எத்தனையோ நாள் குழம்பியிருக்கிறது. கொத்து வந்த நாளும், பாணும் பருப்புமாகக் கழிந்த நாளும், மகன் அழுதபடி படுத்த நாளும் எல்லாம் ஒரு கெடுதியும் இல்லாமல் போய்விட்டன. ஒரே ஒரு நாள்தான் ஆபத்து வந்தது. அன்று கெட்டது நேரம். மாமிக்கு ஊசி ஏறிய பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை. இடியப்பம் இல்லாமல் போனதால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதும் வராமல் போனதால்தான் நடந்தது. இத்தனை நாளும் நீங்கள் கறியையும் பலகாரத்தையும் காவல் காத்திருக்கிறீர்கள். இனி நேரத்தைக் காவல் காருங்கள். என்ன சாப்பாடு என்பது எப்படியும் மாறட்டும்.

ஊசியும் சாப்பாடும்

கலவை இன்சுலினில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று விரைவாக வேலை செய்யும். அடுத்தது மெல்ல, பல மணித்தியாலத்துக்கு நின்று வேலை செய்யும். விரைவான பகுதி, சாப்பாடு வரப்போகிறது என்ற கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது. பழைய வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடுவார்கள். புதிய வகைகளைச் சாப்பிட உட்காரும்போதே போடலாம். மாமியுடையது எந்த வகை என்று குப்பியைக் காட்டிக் கிளினிக்கிலோ பாமசியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமி மணி பிசகாமல் ஊசி போடுகிறார் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்கு நல்லதுதான். ஆனால் மணிக்கூட்டை மட்டும் பார்த்து இந்த ஊசியைப் போடக் கூடாது, சகோதரி. சாப்பாடு வீட்டில் தயாராக இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் போட வேண்டும். சாப்பாடு பிந்துகிறதென்றால் ஊசியும் பிந்தட்டும். எவ்வளவு நேரம் வரை பிந்தலாம், சாப்பிடவே மனமில்லாத நாளில் என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பாட்டில் ஊசியை நிறுத்தவும் வேண்டாம், தவறியதற்குச் சேர்த்து அடுத்த வேளை கூட்டிப் போடவும் வேண்டாம். மெற்போமின் தனியாகச் சீனியை இந்த அளவுக்கு இறக்குவது அரிது. அதைச் சாப்பாட்டோடு கொடுங்கள். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் உங்களைப் போல வேறு வீடுகளிலும் இதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு பிந்தினால் அவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்வு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல் ஆகியவை முதல் அறிகுறிகள். பேச்சுக் குழறுவதும் தடுமாறுவதும் அதற்கு அடுத்த கட்டம். மூளைக்குச் சீனி போதாமல் போகிறது என்று அர்த்தம். மாமி அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டார். அதனால் இதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்க வேண்டாம்.

ஏழு நாள் பட்டியல் ஒட்டிய இடத்தில் பெரிய எழுத்தில் இதை ஒட்டுங்கள்:

அப்பம்மாவுக்கு வியர்த்தால், நடுங்கினால், பேச்சு மாறினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோமீற்றர் கையில் இருந்தால் குத்திப் பார்க்கலாம். அதைத் தேடி நேரம் போக்கக் கூடாது. 15 நிமிடம் கழித்தும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பாடு. சாப்பாடு இன்னும் பிந்துமென்றால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டோ. விழுங்க முடியாமலோ மயங்கியோ இருந்தால் வாயில் எதையும் விடாமல், ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்து, 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பது பெரியவர்கள் பலருக்கும் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க மறந்துவிடுகிறோம். சீனிக்குப் பதிலாகப் பாவிக்கும் இனிப்புக் குளிசை போட்ட தேத்தண்ணி இந்த நேரத்தில் உதவாது. சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி மெல்லத்தான் ஏறும். சீனி கொடுத்து, அளவு கூடிய பிறகும் பேச்சுத் தெளியவில்லை, முகம் ஒருபக்கம் கோணுகிறது, ஒரு கை சோர்கிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மகளோடு தனியாக உட்கார்ந்து கதையுங்கள். சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்ததை அவள் மனதில் வைத்துக் குமைந்துகொண்டிருப்பாள். அப்பம்மாவுக்குச் சீனி கூடாது, பாண் கூடாது என்று பெரியவர்கள் நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் பிசகாமல் செய்தாள். எந்த நேரத்தில் அதே சீனி மருந்தாகும் என்பதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லுங்கள், குளுக்கோமீற்றர் பிடிக்கவும் பழக்குங்கள். 14 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலையில்லை. தன்னால் முடியும் என்று தெரிந்தால் பயமும் குறையும்.

கிளினிக்கில் மூன்று விஷயம் சொல்லுங்கள். தாழ்வு வந்த நாளும் நேரமும். இப்போதைய ஊசியின் அளவு. மாமி முன்னையைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறாரா என்பது. வயது கூடும்போது சிறுநீரகம் இன்சுலினை வெளியேற்றுவது மெதுவாகலாம்; பல வருடம் ஒத்துவந்த அளவு இப்போது கூடிப்போயிருக்கக் கூடும். இந்த வயதில், ஒருமுறை தாழ்வு வந்தவருக்குச் சீனியை மிக இறுக்கிப் பிடிக்க வைத்தியர்களும் விரும்புவதில்லை. பிரஷர்க் குளிசையின் பெயரையும் காட்டுங்கள். சில வகைக் குளிசைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும்.

மாமி முதல் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பிட வேண்டும் என்றே சொல்வேன். வீட்டில் எல்லோரும் வந்தபிறகு பெரியவருக்குப் பரிமாறுவதுதான் மரியாதை என்று நினைக்கிறீர்கள். நீரிழிவோடு இருக்கும் 71 வயதுப் பெண்ணை ஒன்பது மணி வரை பசியோடு வைத்திருப்பதில் என்ன மரியாதை? ஏழேகால், ஏழரைக்கு மாமியும் பிள்ளைகள் இருவரும் சாப்பிடட்டும். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கணவர் வரும்வரை காத்திருந்து, அவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டியில் மிஞ்சியதைக் குசினியில் நின்றபடி சாப்பிடுவதாகக் கடிதத்தின் ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு குறையாகக்கூட நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. கணவர் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கதையுங்கள்; அதற்கு நீங்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார ஞாயிறும் போயா விடுமுறையும் இருக்கின்றன.

மாமியின் மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். கடிதத்தை இன்னொருமுறை வாசித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. போன வருடம் வரை இவர் தனியாக இருந்தவர். தானே அரிசி இடித்து, மா வறுத்து, தானே ஊசியும் போட்டு, தன் சாப்பாட்டு நேரத்தைத் தானே வைத்திருந்தவர். கொழும்புக்கு வந்த நாள் முதல் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. "மாமியை அடுப்படிக்கு விடுறதில்லை" என்று நீங்கள் அன்போடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த அன்பினால் அவர் வாசலைப் பார்த்துக் காத்திருப்பவராக ஆகிவிட்டார். அன்று அலுமாரியில் மாவும், கூடையில் தேங்காயும், மேசையில் பாணும் இருக்கும்போதே அவர் காத்திருந்தார். மற்றவர் வீட்டுக் குசினியில் கைவைப்பதா என்ற தயக்கம் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வெட்கமும் இருந்திருக்கலாம். நேரே கேளுங்கள்: "மாமி, நான் பிந்தினால் நீங்களே ஒரு பிட்டு அவிப்பீங்களோ?" அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால்தான் உங்களுக்கும் தெரியும். காஸ் அடுப்பு அவருக்குப் பழக்கமில்லையென்றால் பக்கத்தில் நின்று பழக்கிவிடுங்கள். அவரே சமைக்கிற நாளில் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் வேறொருவரும் இல்லை.

பட்டியலுக்குப் பதில் அலுமாரி

உங்கள் பட்டியலின் குறை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு சாப்பாட்டை எழுதியிருப்பதுதான். அன்றைக்கு மீன் கிடைக்கவில்லையென்றால் அந்த நாளே தோற்றுவிட்டதாக உங்களுக்குப் படுகிறது. இந்த நகரம் 2022 பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்திருக்கிறது. மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு. காஸுக்கு நாள்கணக்கில் வரிசை. செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தன. அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன கிழமை, என்ன கறி என்று யாரும் பட்டியல் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்ததை வைத்து ஏதோ ஒன்று ஆக்கினீர்கள், பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அன்று கையில் இருந்த அந்தத் திறமையை இன்று தோல்வி என்று எண்ண வேண்டாம்.

வேலை நாளுக்கு இரண்டு சாப்பாடு நினைத்து வையுங்கள். ஒன்று நேரத்துக்கு வீடு வந்தால் சமைப்பது. மற்றது பிந்தினால், 20 நிமிடத்தில் ஆகக்கூடியது. இரண்டாவதற்கு வேண்டிய சாமான் எப்போதும் அலுமாரியில் இருக்க வேண்டும்: அவித்த கோதுமை மா, குரக்கன் மா, மைசூர்ப் பருப்பு, முட்டை, ரின் மீன், சோயா மீற், தேங்காய்ப்பால் மா, ரவை. மைசூர்ப் பருப்பு ஊறப்போடாமலே 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். பருப்பு, முட்டை, ஏதாவது ஒரு கீரை. இவற்றோடு ரொட்டியோ பிட்டோ பாணோ இருந்தால் அது நிறைவான இராச் சாப்பாடு.

அடுப்பே எரிக்க முடியாத நாளுக்கும் ஒன்று வேண்டும். ரின் மீனின் உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் பாணுக்குப் போதும். மாமிக்குப் பிரஷர் இருப்பதால் அதில் மேலும் உப்புப் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை மாமி சைவம் என்கிறீர்கள். கணவர் கொத்துப் பார்சலோடு வரும் வெள்ளிக்கிழமைகளில்தான் அவர் வெறும் பாலோடு படுக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊசி போட்ட இரவில் அது கூடவே கூடாது. வெள்ளிக்கென்று ரவையும் கடலையும் தனியாக இருக்கட்டும், அல்லது பக்கத்துச் சைவக்கடையில் தோசை எடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எத்தனை சைவக்கடை, எத்தனை இடியப்பக் கடை!

கடைச் சாப்பாடு கொடுத்தால் நல்ல தாயில்லை என்ற எண்ணத்தை எங்கே பிடித்தீர்களோ, அதை விட்டுவிடுங்கள். கொத்து ரொட்டியில் மாவும் எண்ணெயும் உப்பும் கூடத்தான். ஒரு பார்சலை இரண்டு பேருக்குப் பிரித்து, வெள்ளரிக்காயோ வல்லாரைச் சம்பலோ பக்கத்தில் வைத்தால், கிழமையில் ஒருநாள் பிள்ளைகளுக்கு அது கெடுதியில்லை. மாமிக்கு அதே பயணத்தில் இடியப்பமும் சொதியும் வாங்கலாம்.

மாமியின் சாப்பாட்டில் ஒரு திருத்தம். சிவப்பரிசி இடியப்பம் என்றால் எத்தனையும் சாப்பிடலாம், குரக்கன் சீனியைக் கூட்டாது என்று எழுதியிருக்கிறீர்கள். குரக்கனில் நாரும் கல்சியமும் கூடுதல், நல்ல தானியம். ஆனாலும் அதில் பெரும்பகுதி மாச்சத்துத்தான். அளவு கூடினால் சீனியும் கூடும். மறுபக்கம், பாண் நஞ்சும் இல்லை. இடியப்பம் இல்லாத நாளில் அளவான பாண், நிறையப் பருப்பு, ஒரு முட்டை என்று கொடுக்கலாம். எந்த மா என்பதைவிட, ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய ஒரே அளவு மாச்சத்து போகிறதா என்று பாருங்கள். ஊசியின் அளவு மாறாமல் இருக்கும்போது சாப்பாடு ஒருநாள் மலையாகவும் ஒருநாள் மடுவாகவும் இருந்தால்தான் சீனி தாறுமாறாக ஓடும்.

முதல்நாள் சோறும் பிரீசர் மீனும்

முதல்நாள் சாப்பாடு என்பதற்காக வருத்தம் வராது. வெளியில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் கேள்வி. வேகவைத்த பிறகும் சோற்றில் சில கிருமிகளின் வித்துக்கள் உயிரோடு இருக்கும். சூடு ஆறிய சோறு பானையில் இரவெல்லாம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆக, சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். வெயில் கொளுத்தும் நாட்களில் ஒரு மணித்தியாலம். ஆழமான பானையோடு வைக்காமல் தட்டையான பாத்திரத்தில் பரப்பி வைத்தால் விரைவில் குளிரும். மறுநாளே முடித்துவிடுங்கள், ஒருமுறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் சொதிக்கும் இதே கவனம் வேண்டும். இரவுக்கு வேண்டியதைக் காலையில் சமைத்து மேசையில் மூடிவைத்துவிட்டுப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

மீனை வாங்கிய உடனே கழுவி, ஒருநேரத்துக்கு அளவாகப் பிரித்துப் பிரீசரில் வைத்தால் சந்தை மீனுக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. உருகவைக்கும்போது தொட்டியருகில் காலையிலிருந்து மாலைவரை கிடத்தாமல், முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தலையிடித்து, தடிப்பு வரும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும், நிறைந்த பிரீசர் இரண்டு நாள் வரை. பாவனையில் இருக்கும் இன்சுலின் குப்பி 30 பாகைக்குக் கீழே சுமார் நாலு கிழமை தாங்கும் என்பதால் மின்வெட்டுக்குப் பயந்து அதைப் பிரீசரில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

மகனைப் பற்றிச் சுருக்கமாக. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதி ஒட்டியது வாக்குறுதி. அது மாறினால் ஏமாற்றம்தான். ஆகவே சாப்பாட்டின் பெயரை அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் எல்லின் சாட்டர் என்ற உணவியலாளர் பெற்றோருக்குச் சொன்ன ஒரு பிரிப்பு எனக்குப் பிடிக்கும்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் தீர்மானிப்பது, சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிப்பது. மேசையில் அவனுக்குப் பழகிய ஒன்று எப்போதும் இருக்கட்டும், அவித்த முட்டையோ வாழைப்பழமோ. அவனுக்கென்று இரண்டாம் சமையல் வேண்டாம், தட்டை வழித்துச் சாப்பிடு என்று நெருக்கவும் வேண்டாம். புதிய ஒன்றைப் பத்துத் தடவைக்கு மேலும் கண்டு, தொட்டு, நக்கிப் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்பார்கள்.

இனி உங்கள் கணவர். இந்தப் பந்தியை அவரும் வாசிக்கட்டும். "கடையில எடுத்திருக்கலாமே" என்பது நியாயமான யோசனைதான். ஆனால் அன்று பஸ்ஸில் அகப்பட்டிருந்த மனைவியைப் போல, கடையில் இருந்த அவரும் தொலைபேசியில் இடியப்பம் சொல்லி மகளை அனுப்பியிருக்கலாம். ஊசி போடுவது அவருடைய தாய். இரண்டு விஷயத்தை அவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பார்சல் கொண்டுவருவதென்றால் மாலை ஆறரைக்கு முன்னர் சொல்ல வேண்டும். கிழமையில் இரண்டு இரவு, ஏழரைச் சாப்பாட்டுக்கு அவர் பொறுப்பு. கடையிலிருந்து வந்து சமைத்தாலும் சரி, வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்களிடம் மாதக் கணக்கில் சொல்லிவைத்தாலும் சரி. சண்டையாகக் கேட்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது மாமியின் முன்னாலேயே கேளுங்கள்.

வேலைக்கு வருவோம். விடுவதென்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை; அதற்கு நல்ல காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு இரவு அதற்குக் காரணமாக வேண்டாம். நீங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் ஒருநாள் காஸ் முடியும், ஒருநாள் உங்களுக்கே காய்ச்சல் வரும், ஏழரை ஊசி அன்றும் ஏறும். ஊசியின் ஒழுங்கு மாறாமல் வேலையை மட்டும் விட்டால், சம்பளம் போகும், ஆபத்து இருந்தபடியே இருக்கும். இந்த மாற்றங்களை மூன்று மாதம் செய்து பாருங்கள். அலுவலகத்தில் அரை மணித்தியாலம் முன்னர் வந்து முன்னர் போக இடமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகும் முடியாமல் இருந்தால் கணவரோடு வரவுசெலவை எடுத்துவைத்துக் கதைத்து முடிவெடுங்கள்.

நாளைக்குக் காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளினிக்குக்கு அழைத்து, அந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லி, ஊசியின் அளவைப் பார்க்க நாள் எடுங்கள். போகும்போது மாமியையே கதைக்க விடுங்கள். இந்தக் கிழமையிலிருந்து சாப்பாட்டு நேரத்தையும் சீனி அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், அதையும் கையோடு கொண்டுபோகலாம்.